வெயில், மழை, மலை: ஆண்டு முழுக்க ஓட்ட ஒரே ஜோடி வாட்டர்ப்ரூஃப் ரைடிங் பூட்ஸ் – முழுமையான வழிகாட்டி

ரைடிங் பூட்ஸ் வாங்கக் கடைக்குப் போகிற பெரும்பாலானோர் முதலில் கேட்பது, "இது நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃபா?" என்பதைத்தான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. பைக் சாய்ந்து காலின் மேல் விழுந்தால் கணுக்காலை இந்த பூட்ஸ் காப்பாற்றுமா என்பது முதல் கேள்வி. எப்படியும் ஒருநாள் நனையப் போகிறது, நனைந்தால் எவ்வளவு சீக்கிரம் காயும் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்த பிறகு தண்ணீர் புகுமா என்று பாருங்கள். ஐரோப்பாவின் குளிருக்குச் செய்த பூட்ஸைத் தமிழ்நாட்டில் மே மாதமும் நவம்பர் மாதமும் போட்டு ஓட்டப் போகிறோம். அதனால் நம் தேர்வுமுறையும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில், உங்கள் மழை எது?

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் ஓட்டுபவருக்கு மழை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழை. கொட்டித் தீர்க்கும், தெருவில் தண்ணீர் நிற்கும், ஆனால் குளிர் இருக்காது. வால்பாறை, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அங்கே நாள் முழுக்க விடாமல் தூறும், கூடவே குளிரும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, தலைகுந்தா பக்கம் விடியற்காலையில் உறைபனியே விழும். இதற்கெல்லாம் நேர் எதிராகக் கத்திரி வெயில். வேலூரிலும் திருத்தணியிலும் 40 டிகிரியைத் தாண்டும்போது தார்ச்சாலையின் சூடும் எஞ்சின் சூடும் சேர்ந்து காலில் ஏறும்.

ஆண்டில் பத்து மாதம் சமவெளியிலேயே ஓட்டுகிறவருக்கு உள்ளே கனமான பஞ்சு லைனிங் வைத்த முழு உயர டூரிங் பூட்ஸ் வேண்டவே வேண்டாம். கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் வரை ஏறும் நடுத்தர உயர பூட்ஸ், மெல்லிய லைனிங்கோடு இருந்தால் போதும். மாதம் ஒருமுறையாவது மலையேறுபவர், மழைக்காலத்தில் நீண்ட தூரம் போகிறவர் முழு உயரத்துக்குப் போகலாம். அலுவலகத்துக்கு தினமும் பைக்கில் போகிறவர், இறங்கி நடக்கிற நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாத பூட்ஸ் இரண்டே வாரத்தில் பரணுக்குப் போய்விடும். அப்புறம் செருப்போடு ஓட்ட ஆரம்பித்துவிடுவோம்.

இரண்டாவது, விழுந்தால் என்ன ஆகும்?

நகரத்தில் நடக்கும் பெரும்பாலான விழுதல்கள் மெதுவான வேகத்தில் நடப்பவை. ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கும், பைக் பக்கவாட்டில் சாயும், 150 முதல் 200 கிலோ எடை கணுக்காலின் மேல் உட்காரும். அந்த நேரத்தில் காலுக்கு மூன்று வேலைகளை பூட்ஸ் செய்ய வேண்டும். கணுக்கால் எலும்பின் இரண்டு பக்கமும் அடியை வாங்க வேண்டும். பைக்குக்கும் சாலைக்கும் நடுவே சிக்கிய பாதம் குறுக்குவாட்டில் நசுங்காமல் தாங்க வேண்டும். பாதம் தாறுமாறாகத் திருகாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் ஐரோப்பிய தரக்குறியீடு இருக்கிறது. பூட்ஸின் நாக்கிலோ உட்புற லேபிளிலோ பைக் ஓட்டும் ஆளின் சின்னம், அதன் கீழே இ.என். 13634 என்ற எண், பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. முதல் இலக்கம் பூட்ஸின் உயரம். இரண்டாவது, சாலையில் உரசினால் எவ்வளவு தாங்கும் என்பது. மூன்றாவது, கூர்மையானது வெட்டினால் தாங்குவது. நான்காவது, சோல் குறுக்குவாட்டில் நசுங்காமல் நிற்கும் வலிமை. எல்லா இடத்திலும் 2 இருந்தால் நல்லதுதான், ஆனால் அது விறைப்பாகவும் கனமாகவும் இருக்கும். தினசரி ஓட்டத்துக்கு முதல் இலக்கம் 1 ஆக இருந்தாலும் பரவாயில்லை. நான்காவது இலக்கம் 2 ஆக இருக்கட்டும் என்பேன். கால் சிக்கி நசுங்குவதைத் தடுப்பது அதுதான்.

இலக்கங்களுக்குக் கீழே சில எழுத்துகளும் இருக்கலாம். ஐ.பி.ஏ. என்றால் கணுக்கால் பாதுகாப்பு சோதிக்கப்பட்டது, ஐ.பி.எஸ். என்றால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்புப் பகுதி, டபிள்யூ.ஆர். என்றால் நீர் புகாமை, எஃப்.ஓ. என்றால் எண்ணெய், பெட்ரோல் பட்டால் சோல் கெடாது, எஸ்.ஆர்.சி. என்றால் வழுக்கல் சோதனை. இவை கட்டாயம் அல்ல, கூடுதல் சோதனைகள். அதாவது இ.என். 13634 சான்று பெற்ற பூட்ஸிலும் ஐ.பி.ஏ. இல்லாமல் இருக்கலாம். என்னைக் கேட்டால் ஐ.பி.ஏ. இல்லாத பூட்ஸை, எவ்வளவு அழகாக இருந்தாலும், கீழே வைத்துவிடுங்கள்.

லேபிளே இல்லாத பூட்ஸ் நம் ஊர்க் கடைகளில் நிறைய. அப்படி ஒன்றைத்தான் வாங்க முடியும் என்ற நிலை வந்தால் கையால் மூன்று சோதனைகள் செய்யுங்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்துங்கள், உள்ளே கெட்டியான கிண்ணம் தெரிய வேண்டும். குதிகாலின் பின்புறத்தைப் பிடித்து நசுக்குங்கள், மடங்கக் கூடாது. பாதத்தின் நடுப்பகுதியில் சோலின் இரு ஓரங்களையும் பிடித்து உள்நோக்கி அழுத்திப் பாருங்கள், சுருண்டு வந்தால் அது வெறும் ஷூ.

தொழிற்சாலை சேஃப்டி ஷூ போதாதா என்று பலர் கேட்பதுண்டு. இந்தியாவில் அதற்கு ஐ.எஸ். 15298 தரம் இருக்கிறது, நல்ல பொருள்தான். ஆனால் அது மேலிருந்து விரலின் மேல் விழும் எடைக்காகச் செய்தது. கணுக்காலைக் காப்பது அதன் முக்கிய நோக்கம் அல்ல. முனையின் இரும்புத் தொப்பி தடிமனாக இருப்பதால் கியர் லிவருக்கு அடியிலும் சிரமப்பட்டுத்தான் நுழையும்.

மூன்றாவது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான்.

வாட்டர்ப்ரூஃப் பூட்ஸின் உள்ளே தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். மெம்பரேன் என்று சொல்வார்கள். இதில் பிரபலமான கோர்-டெக்ஸ், 1969-இல் பாப் கோர் கண்டுபிடித்த, இழுத்து விரித்த பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்) பொருளிலிருந்து வந்தது. இத்தாலிய பூட்ஸ் நிறுவனங்களில் ஆல்பைன்ஸ்டார்ஸ் தன்னுடைய சவ்வை டிரைஸ்டார் என்கிறது, ஃபோர்மா டிரைடெக்ஸ் என்கிறது. எல்லாவற்றின் அடிப்படையும் ஒன்றே: வெளியிலிருந்து தண்ணீர்த் துளி நுழையக் கூடாது, உள்ளிருந்து வியர்வை ஆவியாக வெளியேற வேண்டும்.

வியர்வை ஆவி வெளியேற வேண்டுமானால் உள்ளே இருக்கும் வெப்பமும் ஈரப்பதமும் வெளியே இருப்பதைவிட நன்றாக அதிகமாக இருக்க வேண்டும். இத்தாலியின் குளிரில் இந்த வித்தியாசம் பெரியது. நவம்பர் மாதச் சென்னையில், காற்றே ஈரமாக இருக்கும்போது, வித்தியாசம் சுருங்கிவிடும், வியர்வை வெளியேறும் வேகமும் வெகுவாகக் குறையும். மழையில் ஓட்டி வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் ஈரமாக இருக்கிறது என்று பூட்ஸைத் திருப்பிக் கொடுக்க ஓடுகிறார்கள். பல நேரம் அது மழைத்தண்ணீர் அல்ல, வியர்வை. விரல் நுனியில் ஈரம் திட்டாக இருந்தால் ஒழுகல். பாதம் முழுக்க ஒரே சீராக ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தால் வியர்வை.

சவ்வு வைப்பதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் அது தனி உறையாக உள்ளே தொங்கும், வெளித்தோலோடு ஒட்டியிருக்காது. விலை குறைந்தவை பெரும்பாலும் இப்படித்தான். கால் நனையாது, ஆனால் வெளித்தோல் தண்ணீரைக் குடித்து ஊறிப்போகும். பூட்ஸ் கனத்துவிடும், ஊறிய தோல் ஆவியையும் மறிக்கும், காய இரண்டு நாள் ஆகும். தினமும் அலுவலகம் போகிறவருக்கு மறுநாள் காலை அதே ஈர பூட்ஸ்தான். இரண்டாவது வகையில் சவ்வை வெளிப்பொருளோடு ஒட்டிவிடுவார்கள். தண்ணீர் ஊற இடமே இருக்காது, சீக்கிரம் காயும், எடையும் ஏறாது. விலை கூடுதல். அடைமழையில் தினமும் ஓட்டுபவருக்கு இந்தக் கூடுதல் விலை நியாயமானது. வாரக்கடைசி மட்டும் ஓட்டுபவருக்கு முதல் வகையே போதும்.

அடுத்தது, கடையில் யாரும் சொல்லாத ஒன்று. பூட்ஸின் உயரமும் வாட்டர்ப்ரூஃபின் உயரமும் ஒன்றல்ல. ஜிப்பைத் திறந்து பாருங்கள். ஜிப்புக்குப் பின்னால் இரண்டு பக்கத்தையும் இணைத்து மடிப்பாக ஒரு தோலோ துணியோ தைத்திருக்கும். அந்த மடிப்பு எதுவரை ஏறுகிறதோ அதுவரைதான் தண்ணீர் நுழையாது. வெளியே பார்க்க ஒரு அடி உயரம் இருக்கும், மடிப்பு பாதியிலேயே முடிந்திருக்கும். முன்சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீர் நேராக அந்த இடைவெளிக்குள் போகும். மடிப்பின் மேல்விளிம்பு வரை விரலை விட்டு அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொரு வழி மேல்வாய். பூட்ஸுக்கு உள்ளே ரெயின் பேண்டைச் செருகினால், பேண்டில் வழியும் மழை முழுவதும் நேராக உள்ளே இறங்கும். எத்தனை ஆயிரம் ரூபாய் பூட்ஸாக இருந்தாலும் சரி. ரெயின் பேண்ட் எப்போதும் பூட்ஸுக்கு வெளியே, குதிகால் வரை இறங்கி இருக்க வேண்டும். அதனால் பூட்ஸ் வாங்கப் போகும்போது உங்கள் ரெயின் பேண்டையும் எடுத்துப்போய், பூட்ஸின் மேல் பேண்ட் இறங்குகிறதா என்று பாருங்கள்.

வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தால் எந்த வாட்டர்ப்ரூஃபும் உதவாது. அதுவும் மேலே புகுந்த தண்ணீரை அதே சவ்வு வெளியே விடாது. கரையேறியதும் பூட்ஸைக் கழற்றி, கவிழ்த்துக் கொட்டிவிட்டு, சாக்ஸைப் பிழிந்து போட்டுக்கொண்டு ஓட்டுவதுதான் வழி.

வெயில் காலம்தான் உங்களுக்குப் பெரிய தொந்தரவு என்றால் வேறொரு வழியும் இருக்கிறது. காற்று புகும், சவ்வு இல்லாத நல்ல ரைடிங் பூட்ஸ் ஒன்று, அதோடு மழைக்கு மட்டும் வாட்டர்ப்ரூஃப் சாக்ஸோ மேலே மாட்டும் உறையோ. மேலுறை வாங்கினால் அடிப்பகுதியில் ரப்பர் சோல் வைத்ததாகப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் அடி, சிக்னலில் காலை ஊன்றும்போது வழுக்கிவிடும். சமவெளியிலேயே ஓட்டுகிறவர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். மலையும் மழையும் கலந்து ஓட்டுபவர்களுக்கு சவ்வு வைத்த பூட்ஸே நல்லது.

நான்காவது, எத்தனை வருடம் உழைக்கும்?

தோலை மடித்துப் பாருங்கள். ஃபுல் கிரெய்ன் தோலில், அதாவது மேற்பரப்பைச் சீவாத இயற்கைத் தோலில், மெல்லிய, ஒழுங்கற்ற சுருக்கங்கள் விழும், விட்டால் மறையும். அடித்தோலை எடுத்து மேலே பிளாஸ்டிக் பூச்சு கொடுத்ததில் சுருக்கம் ஒரே மாதிரி இருக்கும், மேற்பரப்பு பளபளவென்று செயற்கையாகத் தெரியும். இந்தப் பூச்சு பாதம் மடங்கும் இடத்தில் ஓரிரு வருடத்தில் வெடிக்கும். மைக்ரோஃபைபர் செயற்கைத்தோல் வேறு சமாச்சாரம். நல்ல நிறுவனங்களின் மைக்ரோஃபைபர் சீக்கிரம் காயும், பூஞ்சணம் பிடிப்பதும் குறைவு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிலில் தெரிந்தவர் யாராவது இருந்தால் பூட்ஸை அவர் கையில் கொடுங்கள். தடவிப் பார்த்தே என்ன தோல் என்று சொல்லிவிடுவார். அந்த அறிவு நம் ஊரில் இருப்பது நமக்கு வாய்த்த வசதி.

சோல்தான் நம் தட்பவெப்பத்தில் ஏமாற்றும் இடம். பல பூட்ஸ்களில் நடு சோல் பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக்கால் ஆனது. காற்றின் ஈரத்தில் இந்தப் பொருள் மெல்ல மெல்ல சிதையும். போட்டு நடக்காமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் சிதையும். நான்கைந்து வருடம் பெட்டியில் கிடந்த புத்தம்புது பூட்ஸ், முதல் பயணத்திலேயே சோல் பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான். அதனால் தள்ளுபடி விலையில் பழைய ஸ்டாக் கிடைத்தால் லேபிளில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு மேல் பழையது என்றால், ரப்பர் சோல் என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய, வேண்டாம். தைத்த சோலாக இருந்தால் தேய்ந்த பிறகு மாற்ற முடியும். ஒட்டியது மட்டும் என்றால் விரிசல் விட்டதும் ஆயுள் முடியும் தருவாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி முதலில் போவது ஜிப். பல்லுக்கிடையே மண் சேரும், ரன்னர் (மேலும் கீழும் இழுக்கும் துண்டு) தேயும். ஜிப் உட்பக்கம் எஞ்சினைப் பார்த்து இருந்தால் சேறு குறைவாகப் படும். அதற்கு மேலே வெல்க்ரோ மூடி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், ஜிப் பாதியில் போனாலும் வீடு வந்து சேரலாம். கயிறு கட்டும் பூட்ஸ் என்றால் முடிச்சையும் நுனியையும் உள்ளே செருக இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தொங்கும் கயிறு கியர் லிவரிலோ செயினிலோ மாட்டினால் காலை ஊன்ற முடியாது.

இடது பூட்ஸின் மேல்புறத்தில் கியர் லிவர் உரசும் இடத்தில் கூடுதல் பட்டை இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறே மாதத்தில் அந்த இடத்தில் தோல் தேய்ந்து, சவ்வு வரைக்கும் போய்விடும்.

ஐந்தாவது, காலுக்குப் பொருந்துகிறதா?

மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் பயணத்தில் இருக்கும் காலின் அளவு. ஓட்டும்போது போடும் சாக்ஸையே போட்டுப் பாருங்கள். நம் ஊர் அளவு எண்கள் பிரிட்டிஷ் முறை. நம்முடைய 8, ஐரோப்பிய எண்ணில் சுமார் 42. ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் அரை எண் மாறும். இத்தாலிய பூட்ஸ்கள் முன்பாதத்தில் குறுகலாக இருப்பதுண்டு. சின்ன வயதிலிருந்து செருப்போடும் வெறுங்காலோடும் நடந்து விரிந்த நம் பாதத்துக்கு அவை இறுக்கும். நீளம் சரியாக இருந்து அகலம் இறுக்கினால் ஒரு எண் பெரிதாக வாங்காதீர்கள், வேறு நிறுவனத்தைப் பாருங்கள். எண் பெரிதானால் குதிகால் தூக்கும், கணுக்கால் கிண்ணமும் எலும்பிலிருந்து விலகி உட்காரும்.

விரல்கள் அசைய வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. அதோடு நிறுத்தாமல் பைக்கில் உட்கார்ந்து பாருங்கள். முடியும் என்றால் உங்கள் பைக்கிலேயே. முனை கியர் லிவருக்கு அடியில் தாராளமாக நுழைய வேண்டும். கொஞ்சம் இடித்தால் லிவரைத் தளர்த்தி ஒரு பல் மேலே ஏற்றிக்கொள்ளலாம், மெக்கானிக்குக்கு ஐந்து நிமிட வேலை. புல்லட் போல முன்னும் பின்னும் மிதிக்கும் லிவர் என்றால் குதிகாலின் தடிமனையும் கவனியுங்கள். வலது காலால் பின் பிரேக்கை மெல்ல மிதியுங்கள். எவ்வளவு அழுத்துகிறோம் என்று பாதத்துக்குத் தெரிய வேண்டும். மிகத் தடிமனான சோல் அந்த உணர்வை மறைக்கும். உயரம் குறைந்தவர்களுக்கு மட்டும் தடித்த சோல் ஒரு வசதி, தரையில் கால் எட்டும்.

ஆறாவது, வீட்டில் சோதனை

வாங்கும்போதே ஒழுகினால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளே நியூஸ் பேப்பரைச் சுருட்டி வைத்து, மடிப்பின் மேல்விளிம்புக்கு இரண்டு விரல்கடை கீழே வரும் அளவுக்கு டப்பில் தண்ணீர் விட்டு, கால் மணி நேரம் வையுங்கள். அடுத்து பேப்பரை எடுத்துவிட்டு உலர்ந்த சாக்ஸோடு போட்டுக்கொண்டு அதே தண்ணீரில் நின்று, குதிகாலைத் தூக்கித் தூக்கிப் பாதத்தை மடக்குங்கள். சும்மா நிற்கும்போது ஒழுகாத பூட்ஸ், மடங்கும்போது விரல்களுக்குப் பின்னால் உள்ள சுருக்கத்தில் ஒழுகும். பெரும்பாலான கோளாறு அங்கேதான் பிடிபடும்.

விலையைப் பொறுத்தவரை, ஒராசோ போன்ற இந்திய நிறுவனங்களின் வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ்கள் சுமார் பத்தாயிரம் ரூபாய்ப் பக்கத்தில் கிடைக்கும். இறக்குமதி இருபதாயிரத்துக்கு மேல் போகும். முதல் பூட்ஸுக்கு இந்தியத் தயாரிப்பே போதும் என்பது என் கருத்து. மிச்சமாகும் பணத்தில் நல்ல ரெயின் பேண்டும், காட்டன் அல்லாத இரண்டு ஜோடி சாக்ஸும் வாங்குங்கள். காட்டன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு காலைப் புண்ணாக்கும். மெரினோ கம்பளியோ விளையாட்டுக்கான செயற்கை நூலோ நல்லது.

ஏழாவது, பராமரிப்பு

நனைந்த பூட்ஸை மொட்டைமாடி வெயிலில் காய வைக்காதீர்கள். தோல் விறைக்கும், சோலின் பசை விடும். உள் அட்டையைக் கழற்றித் தனியாக வையுங்கள், நியூஸ் பேப்பரை உள்ளே திணித்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஃபேனுக்கு அடியில் விடுங்கள். சேற்றை வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவினால் போதும். சோப்புத் தூள் சவ்வின் வேலையைக் கெடுக்கும். ஜிப் பல்லை பழைய டூத்பிரஷால் தேய்த்து, மெழுகுவர்த்தியை ஒருமுறை இழுத்துவிடுங்கள். தோலுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிரீம், மழைக்காலத்துக்கு முன் நீர் விலக்கும் ஸ்பிரே. அடர்த்தியான கிரீஸை அள்ளிப் பூச வேண்டாம், தோலின் துளைகளை அடைத்துவிடும்.

மழைக்காலத்தில் மூடிய ஷூ ரேக்கில் வைத்தால் ஒரே வாரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். காற்றோட்டமான இடத்தில், ஜிப்பைத் திறந்தபடி வையுங்கள். பிடித்துவிட்டால் வெளியே எடுத்துப் போய் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காய வைத்து, பிறகு கிரீம் போடுங்கள்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணன் கெட்டிக்காரராக இருப்பார், ஜிப் ரன்னர் மாற்ற அவரைவிட நல்ல ஆள் கிடையாது. ஆனால் பக்கத் தையல் விட்டிருந்தால் சவ்வு உள்ளே இருக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள். ஊசி குத்தும் ஒவ்வொரு துளையும் சவ்வில் ஒரு ஓட்டை. வெளித்தோலோடு மட்டும் தைக்க முடிந்தால் தைக்கட்டும், இல்லையென்றால் பசையால் ஒட்டச் சொல்லுங்கள். சோலைக் குறுக்கே தைத்துத் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்தத் தையல் வழியாக அடிப்பக்கத்திலிருந்தே தண்ணீர் ஏறும்.

ஒருமுறை பலமாக விழுந்துவிட்டால் வெளியே கீறல் மட்டும்தானே என்று விட வேண்டாம். கணுக்கால் கிண்ணத்தையும் குதிகாலின் பின்புறத்தையும் வாங்கும்போது அழுத்திப் பார்த்த மாதிரியே மறுபடி அழுத்துங்கள். எங்காவது கடக்கென்று சத்தம் வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் தளர்ந்து கொடுத்தாலோ, சோல் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்த ஜோடியை மாற்றிவிடுங்கள்.